வரிசையில் ஆறு பேர்

நான் மெதுவாகப் படிப்பவள். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே கிடையாது. வெட்கப்பட வேண்டிய விஷயம் இனிமேல்தான் வரப்போகிறது.

நான் ஒரு பக்கம் படிக்கும் நேரத்தில் என் அண்ணன் நாலு பக்கம் படித்துவிடுவான். ஆனால் அவன் படித்த கதையைப் பற்றி அவனிடமே கேட்டுப் பாருங்கள். கதாநாயகன் பெயர்கூட நினைவிருக்காது. எனக்கோ கதாநாயகன் சட்டையில் எத்தனை பொத்தான் என்பது வரை தெரியும். நல்ல வரி வந்தால் நின்று இன்னொரு தடவை படிப்பேன். பயமான இடம் வந்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். இதனால் வீட்டில் எனக்கு வைத்திருக்கும் பெயர் நத்தை.

"நத்தை, சாப்பிட வா. எந்த வருஷம் வருவே?" என்பான் அண்ணன்.

நான் நல்ல பதிலாக ஒன்று யோசிப்பதற்குள் அவன் சாப்பிட்டே முடித்துவிடுவான்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் பொது நூலகம் இருக்கிறது. ஒரு புத்தகத்தை எடுத்தால் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். முடிக்கவில்லை என்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் புதுப்பித்து, தடவைக்கு இரண்டு வாரம் வாங்கலாம். ஆனால் அதே புத்தகத்துக்கு வேறு யாராவது முன்பதிவு செய்து காத்திருந்தால் அதெல்லாம் நடக்காது. மறுபேச்சுப் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

முன்பதிவு செய்வது சுலபம். வாசல் பக்கம் ஒரு கணினி இருக்கிறது. புத்தகத்தின் பெயரைத் தட்டி, நம் நூலக அட்டையின் எண்ணைத் தட்டினால் வரிசையில் இடம் கிடைத்துவிடும். நம் முறை வந்ததும் வீட்டுக்குக் குறுஞ்செய்தி வரும். நூலகர் புத்தகத்தில் ஒரு சீட்டைச் செருகி, தன் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் வைப்பார். மூன்று நாள் அங்கே இருக்கும். நாம் போகாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

எனக்கு வேண்டியிருந்த புத்தகத்தின் பெயர் 'உப்புத் தீவின் ஒன்பது சாவிகள்'. அட்டைப்படத்தில் ஒரு பெண் பெரிய சாவிக்கொத்தோடு படகில் நிற்பாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு எந்தப் புத்தகமும் பிடிக்கவில்லை. நூலகத்தில் இருப்பது ஒரே ஒரு பிரதி. நான் போனபோது அது வேறு யாரிடமோ இருந்தது. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம் என்று கணினி சொன்னது.

நான் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஏழு பக்கம். இரண்டு வாரத்தில் தொண்ணூற்றெட்டு. எனக்குப் பின்னால் யாராவது வரிசையில் நின்றுவிட்டால் தொண்ணூற்றெட்டாம் பக்கத்தோடு சரி. படகு நடுக்கடலில் நிற்கும்போது என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நினைத்தபோதே எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் அந்த அருமையான யோசனை தோன்றியது. எனக்குப் பின்னால் வேறு ஆள் வந்து நிற்பதற்குள் நானே நின்றுவிட்டால்?

எங்கள் வீட்டில் ஆறு நூலக அட்டைகள் இருந்தன. போன வருஷம் அட்டை போடும் ஒவ்வொருவருக்கும் ஒரு துணிப்பை இலவசம் என்று நூலகத்தில் அறிவித்தார்கள். அம்மா எங்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்து அட்டை போட்டுவிட்டாள். அப்புறம் தம்பிப் பாப்பா பிறந்தான். இன்னும் பை மிச்சம் இருக்கிறது என்று தெரிந்ததும் அவனுக்கும் போட்டாள். அப்போது அவனுக்கு வயது பதினேழு நாள்.

முதலில் என் அட்டை. அப்புறம் தம்பிப் பாப்பா, அம்மா, அப்பா, அண்ணன், சித்தி. ஆறு எண்களையும் தட்டினேன். ஆறு அட்டை, ஆளுக்கு இரண்டு வாரம். கூட்டிப் பார்த்தால் ஐந்நூற்று எண்பத்தெட்டுப் பக்கம் வந்தது. மிச்சம் இருபத்துநாலு பக்கத்தைச் சாப்பிடும்போது பார்த்துக்கொள்ளலாம். என்னைப் போல மூளைக்காரி உலகத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு வாரத்தில் புத்தகம் என் கைக்கு வந்தது. அடடா, என்ன கனம்! புரட்டிப் பார்த்தபோது நடுவில் ஒரு பேருந்துச் சீட்டு செருகியிருந்தது. முந்நூற்றுப் பதினெட்டாம் பக்கம். எனக்கு முன்னால் படித்தவர் அதோடு நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. முன்னால் போய்ப் படிப்பது எனக்குப் பிடிக்காது. சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தின் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டேன்.

'கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது.'

சட்டென்று மூடிவிட்டேன். யாராவது இந்த இடத்தில் போய் நிறுத்துவார்களா? என்ன ஆள் இது! ஆனால் சீட்டை எடுக்காமல் அங்கேயே விட்டுவைத்தேன். ஒருவர் வைத்த அடையாளத்தை இன்னொருவர் எடுக்கக் கூடாது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில், தொண்ணூற்றெட்டாம் பக்கத்தில் ஒரு பச்சை நூலை வைத்துவிட்டு நூலகத்துக்குப் போனேன். அடுத்த முறை தம்பிப் பாப்பாவுடையது. அவனுடைய அட்டை என் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

நூலகர் ஒல்லியானவர். அவர் சிரித்தால் சத்தமே வராது. இருபது வருஷமாக நூலகத்திலேயே இருப்பவர் அல்லவா, தோள் மட்டும்தான் குலுங்கும். அவர் புத்தகத்தை வாங்கிக் கணினியில் பார்த்தார்.

"நல்ல கிராக்கிம்மா இந்தப் புத்தகத்துக்கு. இன்னும் ஆறு பேர் வரிசையில நிக்கிறாங்க" என்றார்.

ஆறா? என் கணக்குப்படி ஐந்து பேர்தானே மிச்சம்? நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அந்த ஆறுல கடைசி ஆளு நாங்கதானே சார்?"

பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒருவர் நின்றார். மீசை பெரியது. கையில் சாப்பாட்டுப் பை.

"ஆமாங்க. உங்க பொண்ணு ஆறாவது" என்றார் நூலகர்.

"போன தடவை ஏழாவதுன்னீங்க. இப்ப ஆறாவது. ஆளுக்கு ரெண்டு வாரம்னா, முன்னாடி அஞ்சு பேர்..." ஓட்டுநர் விரல்களை மடக்கினார். "பத்து வாரமா! கால் கட்டைப் பிரிச்சு அவ ஓட்டப்பந்தயமே ஓடிடுவா சார்!"

"காலுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார் நூலகர்.

"என்னத்த சொல்ல? எதையுமே நிதானமா செய்ய மாட்டா. இந்தப் புத்தகம் கைக்கு வந்தப்ப பரீட்சை. தொடக்கூட இல்லை. பரீட்சை முடிஞ்ச சந்தோஷத்துல மாடிப்படியில நாலு படியை ஒரே தாவா தாவினா. அஞ்சாவது படி வேலையைக் காட்டிடுச்சு. மாவுக்கட்டு! அப்புறம் படுத்துக்கிட்டே ரெண்டு நாள்ல முந்நூத்திப் பதினெட்டுப் பக்கம் படிச்சிட்டா. மூணாவது நாள் தேதி முடிஞ்சிடுச்சு. புதுப்பிக்கலாம்னு வந்தா, ஆறு பேர் காத்திருக்காங்க, குடுத்துடுங்கன்னு சொல்லிட்டீங்க."

"விதி அப்படிங்க. நான் என்ன பண்றது?"

"உங்களைச் சொல்லலை சார். கதவுக்குப் பின்னால யாரோ மூச்சு விடுறாங்களாம். அது யாருன்னு தெரியாம சாப்பிட மாட்டேங்கிறா, தூங்க மாட்டேங்கிறா. விளையாடவும் முடியாது, எழுந்து ஜன்னல்கிட்ட வரைக்கும் போக முடியாது. இன்னும் நாலு வாரம் கட்டிலே கதி. 'யாருப்பா அது, யாருப்பா அது'ன்னு என்னைப் பிடுங்கி எடுக்கிறா. எனக்கெப்படித் தெரியும்? நானா போய் மூச்சு விட்டேன்?"

நூலகரின் தோள் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டைப்பையில் இருந்த அட்டை திடீரென்று உறுத்தியது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவைத்த அந்த ஆறு பேர் யார் என்று இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தம்பிப் பாப்பாவின் அட்டையை வெளியே எடுக்காமலே வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா கைபேசியை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தாள். "நூலகத்துல இருந்து பாப்பா பேருக்குச் செய்தி வந்திருக்கு. அவன் முன்பதிவு செஞ்ச புத்தகம் தயாரா இருக்காம்! இவனுக்கு இன்னும் பல்லே முளைக்கலை. அறுநூறு பக்கத்தை வெச்சு என்ன பண்ணுவான், கடிக்கக்கூட முடியாதே!"

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான். அம்மா இடுப்பில் கைவைத்தாள்.

"என் பேர்லயுமா போட்டே?"

"ஆமாம்மா. நீ மூணாவது."

"உங்க அப்பாவுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"முன்னாடி."

அம்மாவின் கோபம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் உடனே மறுபடியும் ஏறிவிட்டது. "நல்லா இருக்கு போ! ஒரு பொண்ணு காலை நீட்டிப் படுத்துக்கிட்டு ஏங்கிட்டிருக்கா. இப்ப என்ன பண்ணப் போறே?"

"யோசிக்கணும்."

"யோசி. ஆனா உன் வழக்கப்படி மூணு மாசம் யோசிக்காதே. புத்தகம் மூணு நாள்தான் அலமாரியில இருக்கும்."

நான் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டு யோசித்தேன்.

தம்பியின் இரண்டு வாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை விட்டுவிடலாமா? அப்போதும் அந்தப் பெண் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். மாவுக்கட்டில் மிச்சம் இருப்பதே நாலு வாரம்தான். எல்லாவற்றையும் இப்போதே விட்டுவிட்டால்? பச்சை நூல் தொண்ணூற்றெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. சாவிக்கொத்துக்காரி இப்போதுதான் நடுக்கடலுக்கு வந்திருக்கிறாள். விட்டால் புத்தகம் அவ்வளவுதான். அப்புறம் எத்தனை பேர் வருவார்களோ, மறுபடி எப்போது கிடைக்குமோ.

பக்கத்து அறையில் தம்பிப் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தான். வீடு அமைதியாக இருந்தது. கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அது தம்பிதான் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய் எட்டிப் பார்த்தும் வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பெண்ணால் எழுந்து போய்ப் பார்க்க முடியாது. கதையைப் பாதியில் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்துதான் நான் ஆறு அட்டை போட்டேன். அதே பயத்தை முகம் தெரியாத ஒருத்தி தலையில் கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை நூலகம் திறக்கும்போதே வாசலில் நின்றேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு வேகமாக எதையும் முடிவு செய்ததில்லை. கையில் ஐந்து அட்டைகள்.

"சார், முன்பதிவு ரத்து செய்யணும்."

நூலகர் முதல் அட்டையை வாங்கினார். "பாப்பாவுக்கு வேண்டாமா?"

"வேண்டாம் சார். அவன் படம் பார்க்கிறான், அதுவே போதும்."

"அம்மாவுக்கு?"

"வேண்டாம்."

"அப்பா? அண்ணன்? சித்தியுமா? ஒரே நாள்ல குடும்பத்துக்கே ஆசை விட்டுப்போச்சா?" அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கணினியில வெறும் நம்பராத்தான் தெரிஞ்சது, நானும் கவனிக்கலை. ஏம்மா, இந்த அஞ்சு பேரும் நீதானா?"

நான் தரையைப் பார்த்தேன். "நான் மெதுவா படிப்பேன் சார். ரெண்டு வாரத்துல தொண்ணூத்தெட்டுப் பக்கம்தான் ஆச்சு. அதான் எல்லார் பேர்லயும் போட்டேன். தப்புதான் சார்."

"மெதுவா படிச்சா என்ன? புதுப்பிச்சுக்க வேண்டியதுதானே?"

"எப்படி சார்? பின்னாடி ஆள் நின்னா புதுப்பிக்க முடியாதே!"

"அந்தப் பொண்ணு கடைசியிலதான் வந்தா. அதுக்கு முன்னாடியே உன் பின்னாடி நின்னது யாரு?"

"அம்மா, அப்பா, அண்ணன், சித்தி, பாப்பா..."

"அதாவது?"

நான் நன்றாக யோசித்தேன். வழக்கம்போல நேரம் எடுத்தது. "நான்தான் சார்."

"அப்ப உன்னைப் புதுப்பிக்க விடாம வழியை மறிச்சுக்கிட்டு நின்னது யாரு?"

"...நானேதான்!"

அவர் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு குலுங்கியது. கடைசியில் இருபது வருஷத்துக்கும் சேர்த்து வாய்விட்டே சிரித்துவிட்டார். நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்து, "உஷ்!" என்றார்கள்.

ஐந்து முன்பதிவும் போனது. அந்தப் பெண் நேராக முதல் இடத்துக்கு வந்தாள். நூலகர் பாப்பாவுக்காகச் செருகியிருந்த சீட்டை எடுத்துவிட்டுப் புதுச் சீட்டைச் செருகினார். நான் என் அட்டையை மட்டும் நீட்டி, அவளுக்குப் பின்னால் ஒழுங்காக வரிசையில் நின்றுகொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் ஓட்டுநர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். செய்தி பார்த்த உடனே கிளம்பிவிட்டாராம். "பத்து வாரம்னீங்க, ஒரே நாள்ல வந்திடுச்சே! அஞ்சு பேரும் எங்க சார் போனாங்க?"

நூலகர் என்னைப் பார்த்தார். அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்குவது தெரியக் கூடாது என்று.

"மாமா, அந்த அஞ்சு பேரும் நான்தான்" என்று சொல்லி, நடந்ததை எல்லாம் ஒப்பித்தேன்.

அவர் மீசை மேலும் கீழும் போனது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "என் பஸ்ல கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பாங்க, பார்த்திருக்கேன். கைக்குழந்தையைப் போட்டு இடம் பிடிச்சதை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்!" என்று சிரித்தார்.

"உங்க பொண்ணு வெச்ச பஸ் டிக்கெட் முந்நூத்திப் பதினெட்டுல அப்படியே இருக்கு மாமா. நான் எடுக்கலை. தொண்ணூத்தெட்டுல என் பச்சை நூல் இருக்கு. அதை எடுக்க வேண்டாம்னு சொல்றீங்களா? நான் மெதுவாத்தான் படிப்பேன், ஆனா திரும்ப வந்து படிப்பேன்."

"கண்டிப்பா சொல்றேன்மா" என்று புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

குறைந்தது இரண்டு வாரம் ஆகும் என்று நினைத்தேன். வியாழக்கிழமையே அம்மாவின் கைபேசி ஒலித்தது. இந்தத் தடவை என் பெயருக்கு.

பச்சை நூல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டு. பின்பக்கம் குட்டிக் குட்டி எழுத்தில் எழுதியிருந்தது:

'யார் என்று சொல்ல மாட்டேன். மெதுவாகவே படி. நான் வேகமாகப் படித்துவிட்டேன், கதை தீர்ந்துபோய்விட்டது. இப்போது உன்னைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.'

நான் அதை மூன்று தடவை படித்தேன். மெதுவாகப் படிப்பதற்கு யாராவது பொறாமைப்படுவார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அண்ணனிடம் காட்டினேன். அவனும் நின்று இன்னொரு தடவை படித்தான்.

அதற்கப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் புதுப்பித்துக்கொண்டேன். "வரிசையில யாரும் இருக்காங்களா சார்?" என்று கேட்பேன். "யாரும் இல்லை. நீகூட இல்லை" என்பார் நூலகர்.

காலையில் பள்ளிக்குப் போக எங்கள் வீட்டு மாடிப்படி இறங்கி வரும்போது சில நாள் அந்தப் பேருந்து என்னைக் கடந்து போகும். ஓட்டுநர் மாமா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவார்.

"எத்தனாவது பக்கம்?"

"நூத்தி அறுபத்தொண்ணு!"

"இன்னுமா? வீட்ல ஒருத்தி கதையைப் பத்திப் பேச ஆள் இல்லாம தவிக்கிறாம்மா!"

இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்பார். "நூத்தி எழுபத்தஞ்சு!" என்பேன். பேருந்தில் இருப்பவர்கள்கூட எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

முந்நூற்றுப் பதினெட்டாம் பக்கத்துக்கு நான் வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைசி வரியைப் படித்தேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

அப்போது வாசல் கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. பாப்பா அம்மாவின் இடுப்பில் இருந்தான்.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். என் உயரத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் மட்டும் வெளுத்துப்போய் ஒல்லியாக இருந்தது. படியேறி வந்ததில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"அப்பா சொன்னாரு... இன்னைக்கு... முந்நூத்திப் பதினெட்டா?" என்றாள்.

"ஆமா. படியைத் தாவியா வந்தே?"

"சேச்சே, ஒவ்வொண்ணா ஏறினேன். சரி, சீக்கிரம் அடுத்த பக்கத்தைத் திருப்பு. நான் வாயைத் திறக்கவே மாட்டேன்."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வாயைத் திறக்காமலிருக்க இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

உப்புத் தீவில் அந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? நூலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. வாசல் பக்கம் கணினி இருக்கும், போய் வரிசையில் நில்லுங்கள். ஒரே ஒரு அட்டையோடு.